ஓட்டத்துக்குப் பரிசு

2025 சித்திரை வருடப்பிறப்புக்கு மகளின் குடும்பம் இலண்டனிலிருந்து வந்து இரண்டு கிழமைகள் எங்களோடு நின்றது. பேத்திக்கு ஐந்து வயது. வந்து இறங்கிய மறுநாட் காலையே அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "தாத்தா, இங்கை ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் எங்கை நடக்கும்?"

எனக்கு விளங்கவில்லை. மகள்தான் விளங்கப்படுத்தினாள். 2004 ஒக்ரோபரில் இலண்டன் புஷி பூங்காவில் 13 பேர் கூடி ஓடியதிலிருந்து தொடங்கிய 'பார்க்ரன்' இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு 5 கிலோமீற்றர். ஞாயிற்றுக்கிழமைகளில் 4 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு 2 கிலோமீற்றர். கட்டணம் இல்லை. முதலாவதாக வருவதும் கடைசியாக வருவதும் அங்கே பெரிய காரியமல்ல. தாய் தகப்பன்மார் பக்கத்தில் நின்று கைதட்டுவார்களாம். சிலர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார்களாம்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தார். "இஞ்சை நாங்கள் ஓடினது காணாதே?" என்றார். பிறகு சிரித்தார். பேத்திக்கு அது விளங்கவில்லை. மகளுக்கு விளங்கியது.

எங்கள் வீட்டில் ஓட்டம் என்ற சொல்லுக்கு ஆண்டுகள்தான் அடைமொழி. எண்பத்தேழாம் ஆண்டு ஓட்டம் இந்திய இராணுவக் காலத்தது. தொண்ணூறாம் ஆண்டு ஓட்டத்தில் அம்மா மயிலிட்டியை விட்டு வந்தார். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஓட்டம் எல்லோருக்கும் பொது. குடாநாட்டில் எந்த வீட்டிலும் இந்தக் கணக்கு இப்படித்தான். "இவன் எந்த ஓட்டத்துக்கை பிறந்தவன்?" என்று வயதைக் கணிக்கிற கிழவிகளை நான் கண்டிருக்கிறேன்.

விளையாட்டாக ஓடுவது எங்களுக்குத் தெரியாத ஒன்று என்றும் சொல்லிவிட முடியாது. வருடத் தொடக்கத்தில் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். அதற்கு முன் மரதன் ஓட்டம். பெயர்தான் மரதன்; ஊரைச் சுற்றி ஐந்தாறு கிலோமீற்றர் இருந்தால் அதிகம். படலைக்குப் படலை சனம் தண்ணீர்ச் செம்போடு நிற்கும். சாக்கோட்டம், தேசிக்காய் கரண்டி ஓட்டம், கடைசியில் பழைய மாணவர் ஓட்டம். வயிறு முன்னே ஓட ஆள் பின்னே ஓடுகிற அந்தக் கடைசி நிகழ்ச்சிக்குத்தான் கைதட்டல் கூட. தொண்ணூறுகளில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத காலத்திலும் பாடசாலைகள் இவற்றைக் கைவிடவில்லை. ஆனால் நாங்கள் வீட்டில் ஓட்டம் என்று சொல்லும்போது இவை எவையும் நினைவுக்கு வருவதில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி. 'ரிவிரெச' இராணுவ நடவடிக்கை தொடங்கி இரண்டு கிழமைகள் ஆகியிருக்கவில்லை. வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் போகும்படி ஒலிபெருக்கிகள் அறிவித்தன. நாங்கள் அப்போது நல்லூரில் இருந்தோம். மகளுக்குப் பதினான்கு மாதம். சைக்கிள் பாரில் துவாயைச் சுற்றி அவளை இருத்தினேன். பின் கரியரில் பால்மா ரின், கேத்தில், இரண்டு பை. அம்மா ஒரேயொரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். அதற்குள் மயிலிட்டிக் காணியின் உறுதி இருந்தது. ஐந்து வருடங்களுக்கு முன் அந்த வீட்டை விட்டு வரும்போதும் அவர் அதைத்தான் எடுத்துக்கொண்டு வந்தார்.

செம்மணி வீதியில் ஏறியபின் சைக்கிளை உருட்டவும் இடமில்லை. மழை பிடித்துக்கொண்டது. நாவற்குழிப் பாலம் சைக்கிளில் அரை மணித்தியாலத்துக்கும் குறைவான தூரம். நாங்கள் அதைக் கடந்தபோது விடிந்துவிட்டது. நாலைந்து இலட்சம் சனம் ஓரிரு நாட்களில் அந்த வழிகளால் போனது என்று பின்னர் எழுதினோம். எழுதும்போது அது ஓர் எண். அன்றிரவு எனக்கு அது முன்னால் போனவரின் முதுகு மட்டும். இத்தனைக்கும் ஓட்டம் என்று நாங்கள் சொல்கிற அந்த இரவில் ஒருவரும் ஓடவில்லை. ஓட இடமிருக்கவில்லை. ஓரடி வைத்து, நின்று, பிறகு மற்ற அடி. மகள் நித்திரை கொண்டாள், எழும்பி அழுதாள், திரும்பவும் நித்திரை கொண்டாள். புதிதாக நடக்கப் பழகிய பிள்ளை. இறக்கிவிடச் சொல்லிக் கால்களை உதைத்துக்கொண்டேயிருந்தாள்.

1996 சித்திரைக்குப் பின் வலிகாமத்துக்குத் திரும்பினோம். அம்மா நல்லூருக்கு வரமாட்டேன் என்றார். தன்னுடைய ஊருக்குக் கிட்ட எங்கேயாவது இருக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். மல்லாகத்தில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. அங்கேயிருந்து மயிலிட்டி ஏழெட்டுக் கிலோமீற்றர்தான். ஆனால் இடையில் உயர்பாதுகாப்பு வலயம். நான் நாள்தோறும் யாழ்ப்பாண நகரத்துக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தேன். இரவு வீட்டுக்கு வந்தால் அம்மா ஒரு கேள்வி கேட்பார்: "றோட்டுத் திறக்கிறதைப் பற்றி ஏதும் செய்தி வந்ததே?" 2002 யுத்த நிறுத்தக் காலத்தில் நம்பிக்கையோடு கேட்டார். 2006 இல் ஏ9 வீதி மூடியபின் பழக்கத்தில் கேட்டார். 2009 இல் யுத்தம் முடிந்தபின் மறுபடி நம்பிக்கையோடு கேட்டார். 2012 இல் காலமானார். மறு ஆண்டு, வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்ட செய்தியை நான் பக்கத்தில் போட்டேன். அன்றிரவு வீட்டுக்கு வந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்க ஆளிருக்கவில்லை என்பது ஒருவகையில் ஆறுதலாக இருந்தது.

மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டிய நிலமும் 2017 ஜூலை 3 ஆம் திகதி விடுவிக்கப்பட்டன. இருபத்தேழு ஆண்டுகள். அம்மாவின் வளவைப் பின்னர் அடையாளம் கண்டது கிணற்றை வைத்துத்தான். வீடு இருக்கவில்லை. அத்திவாரம் இருந்தது. எருக்கலை வளர்ந்திருந்தது.

இப்போது 2025 க்கு வருகிறேன். பலாலி வீதியில் வசாவிளானுக்கு அப்பாலுள்ள துண்டு அவ்வருடம் ஏப்ரல் 10 ஆம் திகதி திறக்கப்பட்டது. முப்பத்துநாலு வருடங்களுக்கு மேல் மூடிக்கிடந்த வீதி. திறந்தபோது நிபந்தனைகளும் அறிவிக்கப்பட்டன. காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணிவரை மட்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேற்படக்கூடாது. இடையில் நிறுத்தக்கூடாது, திருப்பக்கூடாது. படம் எடுக்கக்கூடாது. நடந்து செல்லக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை நான் இரண்டு தரம் வாசித்தேன். மனிதன் நடக்கக்கூடாத வீதி என்று ஒன்றைப்பற்றி என் தொழிற்காலத்தில் நான் செய்தி எழுதியதாக நினைவில்லை.

வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் கழித்து வான் ஒன்று பிடித்து எல்லோரும் புறப்பட்டோம். உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், வசாவிளான். அதற்கப்பால் இருபக்கமும் முட்கம்பி வேலி. வேலிக்குள்ளே சில இடங்களில் நன்றாகப் பராமரித்த தோட்டம், சில இடங்களில் பற்றை. செம்மண் அதே செம்மண்தான். பேத்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒழுங்கான, வாகனமில்லாத, நேரான வீதி. அவளுடைய கண்ணுக்கு அது ஓடுவதற்கென்றே போட்ட வீதி.

"தாத்தா, இதிலை இறங்கி ஓடுவமா?"

"இதிலை நிப்பாட்டக் கூடாது, பிள்ளை."

"அப்ப நடப்பம்."

"நடக்கவும் கூடாது."

"ஏன்?"

சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எத்தனையோ அமைச்சர்களிடமும் தளபதிகளிடமும் 'ஏன்' என்று கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். கடற்கரை வந்ததும் ஓடலாம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடற்கரை வீதிக்கு வந்து, மயிலிட்டியில் அம்மாவின் வளவைக் காட்டிவிட்டுக் காங்கேசன்துறைக்குப் போனோம். விடுமுறை நாள். தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. பேத்தி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடத் தொடங்கினாள். சற்றுத் தள்ளி அவளுடைய வயதுடைய ஒரு பொடியனும் ஓடிக்கொண்டிருந்தான். தாய் பின்னாலிருந்து "துவன்ன எப்பா, புதே" என்று கத்திக்கொண்டிருந்தார். ஓடாதே, மகனே. உலகத்துத் தாய்மார் எல்லோரும் கடற்கரையில் சொல்லி ஒரு பிள்ளையும் கேட்காத சொல்.

திடீரென்று "தாத்தா!" என்று ஒரு கூச்சல். நான் திரும்பினேன். கூப்பிட்டவன் அந்தப் பொடியன். கூப்பிட்டது என்னையல்ல, தன் தகப்பனை. சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். அடுத்த நிமிடமே என் பேத்தி "தாத்தா!" என்று கத்த, அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். இருவரும் சிரித்துவிட்டோம். அப்படித்தான் பேச்சுத் தொடங்கியது.

எனக்குச் சிங்களம் பத்திரிகைத் தேவைக்கு மட்டும் வரும். அவருக்குத் தமிழ் வீதித்தடைத் தேவைக்கு மட்டும் வந்தது. அடையாள அட்டை, இறங்கு, எங்கே போறது, பையைத் திற. அந்தச் சொற்களைத் தாண்டிப் பேச இருவரும் கஷ்டப்பட்டோம். இருபத்திரண்டு வருட சேவை முடித்து ஓய்வுபெற்ற படைவீரர். குருநாகல் பக்கத்துக் கிராமம். அருகே இருந்த இராணுவத்தின் தல்செவன விடுதியில் தங்கியிருந்தார்கள். பொடியன் கடைக்குட்டி. மூத்தவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ரியூசன் வகுப்பை விட்டு வரமாட்டேன் என்று வீட்டில் நின்றுவிட்டாள். "அவள்தான் வரவேண்டியவள், ஐயா. இந்த இடம் அவளுக்குத்தான் தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அது என் தொழில் வியாதி.

2010 இலிருந்து 2013 வரை அவர் பலாலிப் பக்கத்தில் கடமையில் இருந்தார். விடியற்காலையில் ஐந்து கிலோமீற்றர் ஓட்டம், நாள்தோறும். யுத்தம் முடிந்துவிட்டதால் பாடசாலை விடுமுறையில் குடும்பத்தைக் கூப்பிட்டுச் சில நாள் வைத்திருக்கலாம். அப்படிக் குடும்பங்கள் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஓர் ஓட்டம் வைத்தார்கள். போட்டியல்ல, விளையாட்டு. தகப்பன்மாரும் கையைப் பிடித்துக்கொண்டு ஓடலாம். மூத்தவளுக்கு அப்போது நாலு வயது. பாதித் தூரம் ஓடினாள், மீதித் தூரம் அவருடைய தோளில் இருந்தாள். ஓடிய எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிசு. அவளுக்கு ஒரு ரோசா நிறப் பிளாஸ்ரிக் வாளி. அந்த வாளியைத்தான் இப்போது தம்பி மண் அள்ளக் கொண்டுவந்திருக்கிறான் என்று காட்டினார். நிறம் வெளுத்திருந்தது. பிடி உடைந்து கம்பி கட்டியிருந்தது.

எந்த வீதி என்று கேட்டேன். அவர் ஒரு தடியை எடுத்து ஈரமணலில் கீறினார். இது துறைமுகம். இது பழைய வைத்தியசாலைக் கட்டடம். இங்கே ஒரு கோயில். இங்கே வீதி வளையும். வளைவில்தான் மகள் களைத்துப்போய் இருந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு கிணறு இருந்தது, அதில் தண்ணீர் அள்ளி முகம் கழுவிவிட்டேன், நல்ல தண்ணீர். "அப்போது அங்கே வீடுகள் இருந்தன, ஐயா. கூரை இல்லாத வீடுகள்."

வரைபடம் பிழையில்லை. காலையில்தான் நான் அந்த வளைவில் நின்றுவிட்டு வந்திருந்தேன். அது அம்மாவின் கிணறுதானா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வளைவைச் சுற்றி ஏழெட்டுக் கிணறுகள் உண்டு, எல்லாம் நல்ல தண்ணீர்.

"ஐயா எந்த ஊர்?" என்று கேட்டார்.

"நீங்கள் கீறின அந்த வளைவுக்குப் பக்கத்திலை. என்ரை அம்மாவின்ரை ஊர்" என்றேன்.

அவருடைய கையில் தடி அப்படியே நின்றது. மனைவி என்ன என்று கேட்க, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையைத் திறந்து ஒரு ரின்னை எடுத்தார். வருடப்பிறப்புக்குச் சுட்ட கொக்கிஸ். என் மனைவியிடம் நீட்டினார். என் மனைவி இரண்டு எடுத்தார். இரண்டையும் பேத்தியிடம் கொடுத்தார். தான் சாப்பிடவில்லை. அதைப்பற்றி நான் பிறகும் அவரிடம் கேட்கவில்லை.

ஏ9 திறந்தபின், 2010 இல், தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக மக்கள் வந்தார்கள். நயினாதீவு, கீரிமலை, மாதகலில் ஜம்புகோளப்பட்டினம், நல்லூர். முகாம்களிலிருந்து தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். சொந்த நிலத்தைப் பார்க்க முடியாதவர்கள் நலன்புரி நிலையங்களில் இருக்கும்போது இது என்ன உல்லாசம் என்று அந்த நாட்களில் காரமாக ஒரு கட்டுரை எழுதினேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். அதிலுள்ள தகவல்களில் எதையும் இன்று நான் திருத்தப்போவதில்லை. எங்கள் சனத்தின் வீதி மூடியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் அதில் ஓடினார்கள். அது நடந்தது. ஆனால் களைத்துப்போய் வளைவில் இருந்துவிட்ட நாலு வயதுப் பிள்ளை அந்தக் கட்டுரையில் இல்லை. அவளை எனக்கு அப்போது தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா என்பதும் சந்தேகம்.

மணலில் கீறிய படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டது. 2010 இலிருந்து 2013. அம்மா போனது 2012. அந்தப் பிள்ளை ஓடியது எந்த ஆண்டின் விடுமுறை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அம்மா மல்லாகத்து வீட்டுத் திண்ணையில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அது இருந்திருக்கலாம். ஏழெட்டுக் கிலோமீற்றர். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. அது அந்த மனிதர் மேலா என்று பார்த்தேன். அவர் முகம் கழுவிவிட்ட பிள்ளையின் தகப்பன். அந்தக் கோபத்துக்கு அவரும் போதவில்லை, அவரில்லாமலும் இல்லை.

இதற்குள் பிள்ளைகள் இரண்டும் தங்களுக்குள் ஏதோ ஒப்பந்தத்துக்கு வந்திருந்தன. அவளுக்குச் சிங்களம் தெரியாது, அவனுக்குத் தமிழோ ஆங்கிலமோ தெரியாது. கரையில் இழுத்துவிட்டிருந்த வள்ளத்திலிருந்து எங்கள் காலடி வரைக்கும் ஓட்டம் என்று கைகாட்டினார்கள். அந்த மனிதர் கையை உயர்த்தி "ஏக்க, தெக்க, துன" என்று எண்ணினார். இருவரும் பாய்ந்து வந்தார்கள். படத்தின்மேல்தான் வந்து முடித்தார்கள். துறைமுகமும் கோயிலும் வளைவும் நாலு சிறிய கால்களுக்குள் கலைந்தன. பொடியன் வென்றான். பேத்தி அதைப் பொருட்படுத்தவில்லை. அவளுக்குப் பழக்கப்பட்ட ஓட்டத்தில் அது பெரிய காரியமல்ல என்று முன்னமே சொன்னேன். பொடியன்தான் தன் வாளியை ஒருமுறை அவளிடம் பிடிக்கக் கொடுத்து, பிறகு கவனமாகத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

விடைபெறும்போது அவர் என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல முயன்றார். சிங்களத்தில் தொடங்கித் தமிழில் நின்றுவிட்டது. "பரவாயில்லை, தம்பி" என்றேன். பரவாயில்லை என்பது உண்மையல்ல. எனக்கும் வேறு சொல் வரவில்லை.

ஐந்து மணி நெருங்கியதால் திரும்பும்போது பலாலி வீதியை விட்டுக் காங்கேசன்துறை வீதியால் வந்தோம். பேத்தி உப்பும் மணலுமாக மகளின் மடியில் நித்திரையாகிவிட்டாள். தெல்லிப்பழை தாண்டி மல்லாகத்தில் எங்கள் பழைய வாடகை வீட்டடியில் சாரதியை மெதுவாகப் போகச் சொன்னேன். வேறு யாரோ இருக்கிறார்கள். மதிலுக்கு நீலம் அடித்திருந்தார்கள்.

"அப்பா," என்றாள் மகள், "நான் சின்னனிலை எங்கை ஓடி விளையாடினனான்?"

யோசித்தேன். பின்னேரமானால் ஊரடங்கு. ஒழுங்கை முடிவில் காவலரண். முன்வளவில் எவரும் பிள்ளையைத் தனியே விடுவதில்லை.

"விறாந்தையிலை" என்றேன். "அந்தத் தொங்கலிலை இருந்து இந்தத் தொங்கலுக்கு."

"சிவப்புச் சீமெந்து" என்றாள். "அப்பம்மா நடுவிலை காலை நீட்டிக்கொண்டு இருப்பா. நான் அவவின்ரை காலைப் பாய்ஞ்சு பாய்ஞ்சு ஓடுவன்."

"ஒருக்கால் விழுந்து சொண்டு வெடிச்சது" என்றார் என் மனைவி முன் சீற்றிலிருந்து. "அண்டைக்குப் பிறகு மனிசி காலை மடக்கிக்கொண்டுதான் இருந்தது."